ஓடிபி கேட்டு வர்க்கி கடைக்கு ஓடுனது போதும்: ப்ளேரைட் ரிவ்யூ, கோத்தகிரில இருந்து

முதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் படிச்சவ கிடையாது, பி.காம் தான். கோத்தகிரில வீட்லயே உக்காந்து ஏழு சின்ன வியாபாரத்துக்கு இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் பாத்துக்கறேன். வர்க்கி (எங்க மலையோட மொறுமொறு பிஸ்கட்) கடை ஒண்ணு, ஹோம்ஸ்டே ஒண்ணு, குன்னூர்ல ஒரு தைலக் கடை, ஊட்டில ஹோம்மேட் சாக்லேட் பண்ற அக்கா ஒருத்தங்க, டீத்தூள் கூரியர்ல அனுப்பற ஒருத்தர், பூச்செடி நர்சரி, அப்பறம் டூரிஸ்ட்ட கூட்டிட்டு சுத்தற ஜீப் அண்ணன். போட்டோ எடுத்து போடறது, ரீல்ஸ் வெட்டறது, மெசேஜ்ல வர்றவங்களுக்கு பதில் சொல்றது, இதான் வேலை. இதுல எது பெரிய ரோதனைன்னு கேட்டீங்கன்னா உள்ள போறது தான். லாகின். அதுக்கு காசு குடுத்து ஒரு சர்வீஸ் வாங்கி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு, இப்ப காசில்லாத ஒண்ணு வச்சு ஓட்டிட்டு இருக்கேன், அது பேரு ப்ளேரைட், பிரவுசர தானா ஓட்டற சாமான். அதோட ரிவ்யூ தான் இது, கொஞ்சம் நீளம், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

இன்ஸ்டா ஆப்ல அஞ்சு அக்கவுண்ட் வரைக்கும் சேத்து வச்சு மாத்தி மாத்தி போய்க்கலாம். எங்கிட்ட ஏழு. அந்த ரெண்டுக்காக ஒண்ண எடுத்து ஒண்ண போட்டு, லேப்டாப் பிரவுசர்ல லாக்அவுட் பண்ணி லாகின் பண்ணி, ஒரு நாளைக்கு மூணு தடவ பாஸ்வேர்டு அடிச்சா அங்க இருக்கறவனுக்கு சந்தேகம் வருமா வராதா, வரும், உடனே ஆறு நம்பர் கோடு கேப்பான், அந்த கோடு என் போனுக்கு வராது, கடைக்காரர் போனுக்கு போகும்.

இப்ப வர்க்கி கடை அண்ணன் இருக்காரே, காலைல பதினோரு மணிக்கு அவருக்கு போன் பண்றது எப்படி இருக்கும்னு சொல்றேன். "அண்ணா, ஒரு மெசேஜ் வந்திருக்கும், ஆறு நம்பர் பாருங்க." "இரும்மா, கையெல்லாம் மாவு." பின்னாடி விறகு அடுப்புல இருந்து தட்டு இழுக்கற சத்தம் கேக்கும், யாரோ ரெண்டு கிலோ பார்சல் கேப்பாங்க, அதுக்கு சில்லறை வேற இருக்காது. அப்பறமா வருவாரு, கண்ணாடிய தேடுவாரு, ஒரு நம்பர் படிப்பாரு, அடிச்சா தப்புன்னு வரும். "அண்ணா அது கேஸ் சிலிண்டர் கோடு." "அப்படியா, அப்ப இது?" அதுக்குள்ள கோடு காலாவதி. மறுபடி அனுப்பு. மூணாவது தடவ அண்ணன் சொன்னாரு, "ஏம்மா, இதுலயே யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே, உனக்கு சொல்லலாமா கூடாதா?" கேள்வி நியாயமான கேள்விங்க. என்னால பதில் சொல்ல முடியல.

இத விட மோசம் டீத்தூள்காரர். அவரு தோட்டத்துக்குள்ள இறங்கிட்டாருன்னா சிக்னல் கிடையாது, சாயந்தரம் மேல ஏறி ரோட்டுக்கு வந்தா தான் காலைல அனுப்புன கோடு அவரு போனுக்கு வந்து விழும்.

இதோட மலைக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. ஐப்பசி கார்த்திகைல எங்க பக்கம் மழை புடிச்சுக்கும், கூடலூர் பக்கம் ஆடி மழைன்னா குன்னூர் கோத்தகிரிக்கு இந்த வடகிழக்கு மழை தான். காத்தடிச்சா மரம் விழும், மரம் விழுந்தா கரண்டும் போகும் ஃபைபர் கேபிளும் போகும். உடனே போன் ஹாட்ஸ்பாட்ல போடுவேன். ஹாட்ஸ்பாட்ல போட்டா ஐபி அட்ரஸ் (நெட்ல நம்ம முகவரி நம்பர்) மாறிடும், மொபைல் நெட்டுக்கு பாதி நேரம் நான் சென்னைல இருக்கேன்னு தான் காட்டும். அவ்ளோ தான், "புதிய இடத்திலிருந்து லாகின்"னு கடைக்காரருக்கு மெசேஜ் போகும், அவரு பதறிப்போய் எனக்கு போன் பண்ணுவாரு, நான் இங்க மெழுகுவத்தி வெளிச்சத்துல அவர சமாதானப்படுத்தணும்.

அப்ப தான் அந்த காசு குடுத்த சர்வீஸ் கண்ல பட்டுச்சு. பேரு வேண்டாம். மாசம் 899 ரூபா, எத்தன அக்கவுண்ட் வேணா சேத்துக்கலாம், ஒரு தடவ லாகின் பண்ணா போதும் அப்பறம் பாஸ்வேர்டே கேக்காது, ஒரே கிளிக், அப்படின்னு விளம்பரம். நெசமாவே முதல் ரெண்டு வாரம் அருமையா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போடணும், ஒவ்வொரு அக்கவுண்டுலயும் ஒரு தடவ உள்ள போகணும், அது செஷன, அதாவது உள்ள போயிட்ட அந்த நிலைமைய, சேவ் பண்ணிக்கும். எங்க சேவ் பண்ணிக்குதுன்னு நான் கேக்கவே இல்ல. அது தான் என் மடத்தனம்.

மே மாசம். ஃப்ளவர் ஷோ நேரம். ஹோம்ஸ்டேக்கு மெசேஜ் கொட்டுது, அதுல பாதி இ-பாஸ் கேள்வி தான், 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சுல்ல, எப்படி எடுக்கறது, பைக்குக்கும் வேணுமா, குழந்தைய கணக்குல சேக்கணுமான்னு. உக்காந்து ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டுட்டு இருக்கேன், அப்ப ஹோம்ஸ்டே அக்கா போன். "ஏம்மா, நம்ம அக்கவுண்ட ஜெர்மனில யாரோ தொறந்திருக்காங்கன்னு வருது, நீ எங்க இருக்க?" நான் கோத்தகிரி டானிங்டன தாண்டியே ரெண்டு நாள் ஆச்சுக்கா, எங்க ஜெர்மனி.

விஷயம் என்னன்னா, அந்த சர்வீஸ் நம்ம செஷன எடுத்து அவங்க சர்வர்ல வச்சுக்கிட்டு, அங்க இருந்தே நம்ம பேர்ல உள்ள போய் மெசேஜ் எண்ணிக்கை எல்லாம் எடுத்துட்டு வருது. சர்வர் ஜெர்மனில. அந்த அக்கவுண்ட் லாக் ஆச்சு, அக்கா முகத்த திருப்பித் திருப்பி வீடியோ செல்ஃபி எல்லாம் எடுத்து அனுப்பி, திரும்ப கைக்கு வர மூணு நாள். அந்த மூணு நாள்ல வந்த புக்கிங் எல்லாம் வேற வீட்டுக்கு போச்சு. சர்வீஸ்காரங்களுக்கு மெயில் போட்டேன், "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது"ன்னு வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் பெறப்பட்ட மாதிரியே தான் இருக்கு. அதுக்கு மார்க் சைபர், அத இனிமே பேசல.

என் சித்தி பையன் கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கான். தீபாவளிக்கு வந்தப்ப இத சொன்னேன். அவன் சிரிக்கல, திட்டுனான். "அக்கா, கோயிலுக்கு போனா செருப்பு விட்டுட்டு டோக்கன் வாங்குவல்ல, அந்த டோக்கன யாரு கொண்டு போய் நீட்டுனாலும் செருப்ப குடுத்துடுவான், உன் பேரு என்னன்னு கேப்பானா? செஷன்னா அது தான். நீ டோக்கன தூக்கி ரோட்ல போறவன் கைல குடுத்திருக்க."

இத விட யாரும் எனக்கு தெளிவா சொன்னதில்ல. பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் டோக்கன் வாங்குற வரைக்கும் தான். உள்ள போனதும் அந்த சைட்டு நம்ம பிரவுசர்கிட்ட ஒரு குக்கீ குடுக்குது, அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் பிரவுசர் அத நீட்டும், அவன் பாத்துட்டு சரி வாங்கன்னு விடுவான். இந்த குக்கீங்கறதே 1994ல நெட்ஸ்கேப்ல இருந்த லூ மோன்டுல்லிங்கற ஆளு கண்டுபுடிச்சது, கடைக்கூடைல என்ன போட்டோம்னு ஞாபகம் வச்சுக்கறதுக்காக. நம்ம வர்க்கி கடை வரைக்கும் வந்து நிக்குது பாருங்க.

சரி ப்ளேரைட்டுக்கு வருவோம். இது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இலவச ஓப்பன் சோர்ஸ் (உள்ள எழுதியிருக்கறத யாரு வேணா பாக்கலாம்) சாமான், 2020 ஜனவரில வந்தது. சோஷியல் மீடியாவுக்குன்னு செஞ்சது இல்லவே இல்ல, வெப்சைட் சரியா ஓடுதான்னு டெஸ்ட் பண்றவங்களுக்காக செஞ்சது. குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட்னு மூணு பிரவுசர் ரகத்தையும் ஓட்டும், அதுக்கு ப்ரோக்ராம பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, டாட்நெட் எதுல வேணா எழுதிக்கலாம். டெஸ்ட் பண்றவனுக்கும் எனக்கும் பிரச்சனை ஒண்ணு தான்: ஒவ்வொரு டெஸ்டுக்கும் முதல்ல இருந்து லாகின் பண்ணிட்டு இருந்தா விடிஞ்சிடும். அதனால ஒரு தடவ உள்ள போயிட்டு அந்த நிலைமைய அப்படியே ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டு, அடுத்த தடவ அந்த ஃபைல காட்டி நேரா உள்ள போற வசதி அதுல இருக்கு. அதுக்கு பேரு ஸ்டோரேஜ் ஸ்டேட். எனக்கு வேண்டியது இது ஒண்ணு மட்டும் தான், மத்த 99 வசதியும் நான் தொட்டது கூட இல்ல.

முதல் நாள் எப்படி பண்ணோம்னா, தம்பி என் லேப்டாப்ல பைத்தான் போட்டான், ப்ளேரைட் போட்டான், அது தனக்குன்னு பிரவுசர் தனியா இறக்கிக்கும், நூத்துக்கணக்குல எம்பி, எங்க வீட்டு நெட்ல அது இறங்கறதுக்குள்ள அம்மா பணியாரம் சுட்டு முடிச்சுட்டாங்க. அப்பறம் கறுப்பு ஸ்கிரீன்ல கோட்ஜென்னு ஒரு கமாண்ட், கூடவே சேவ் ஸ்டோரேஜ்னு ஒரு வார்த்தை, ஃபைல் பேரு. ஒரு வெறும் பிரவுசர் தொறக்குது. அதுல நானே என் கையால பாஸ்வேர்டு அடிச்சு, அண்ணனுக்கு போன் பண்ணி, ஓடிபி கேட்டு (கடைசி தடவண்ணா, சத்தியமா), உள்ள போயிட்டு, பிரவுசர மூடுனேன். ஃபோல்டர்ல ஒரு குட்டி ஃபைல் வந்து உக்காந்திருக்கு. அவ்ளோ தான். பாஸ்வேர்ட ஸ்கிரிப்டுக்குள்ள (ப்ளேரைட்ட ஓட்டற குட்டி ப்ரோக்ராம்) எழுதவே இல்ல, அது எனக்கு ரொம்ப புடிச்சது.

அந்த ஃபைல நோட்பேட்ல தொறந்து பாத்தேன், ஆர்வம் தாங்கல. மேல குக்கீஸ்னு ஒரு பட்டியல், ஒவ்வொண்ணுக்கும் பேரு, மதிப்பு, எந்த சைட்டு, எப்ப முடியுதுன்னு ஒரு பத்து எழுத்து நம்பர். இன்ஸ்டாவுக்கு செஷன்ஐடின்னு ஒரு வரி இருக்கும், ஃபேஸ்புக்குக்கு சி அண்டர்ஸ்கோர் யூசர், எக்ஸ்எஸ்னு ரெண்டு. அந்த ஒரு வரி தான் அக்கவுண்ட். போட்டோ, ஃபாலோயர்ஸ், ரெண்டு வருஷ உழைப்பு எல்லாம் அந்த ஒரு வரில தொங்குது. பாத்ததும் வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. அந்த பத்து எழுத்து நம்பர் வந்து 1970 ஜனவரி 1ல இருந்து எண்ணுன செகண்டாம், தேதியா மாத்திக்கலாம், சிலதுல மைனஸ் ஒண்ணுன்னு இருக்கும், அதுக்கு முடியற தேதி கிடையாதுன்னு அர்த்தம், பிரவுசர மூடுனா போயிடற ரகம். எந்த குக்கீயா இருந்தாலும் குரோம் 400 நாளைக்கு மேல வச்சுக்காது, 2022ல இருந்து அப்படி. நாளு இருந்தாலும் சைட்டுக்காரன் நினைச்சா நாளைக்கே செல்லாதுன்னுடலாம், அது வேற.

இப்ப என் காலை இப்படி போகுது. லேப்டாப்ப தொறக்கறேன், டெஸ்க்டாப்ல ஒரு ஐகான டபுள் கிளிக் பண்றேன், ஏழு விண்டோ ஒண்ணு பின்னாடி ஒண்ணா தொறக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒரு கடை, எல்லாம் உள்ள போயே நிக்குது. ஒவ்வொரு விண்டோவும் தனி உலகம், கான்டெக்ஸ்ட்னு சொல்றாங்க, இன்காக்னிடோ மாதிரி ஒண்ணோட குக்கீ இன்னொண்ணுக்கு தெரியாது. தைலக் கடைக்கு எழுதுன பதில் சாக்லேட் கடைல போய் விழுந்த சரித்திரம் எல்லாம் எங்கிட்ட இருக்கு ("மூட்டுவலிக்கு ராத்திரி தேய்ச்சுட்டு படுங்க"ன்னு ஒரு டார்க் சாக்லேட் கஸ்டமருக்கு), அது நின்னுச்சு.

தம்பி ஒரு சின்ன வேலை பண்ணி வச்சிருக்கான், ஸ்கிரிப்ட் ஒவ்வொரு விண்டோவும் தொறந்ததும் பாஸ்வேர்டு கேக்கற கட்டம் கண்ல படுதான்னு பாக்கும், பட்டா கறுப்பு ஸ்கிரீன்ல "அக்கா, வர்க்கி அவுட்"னு தமிழ்லயே எழுதும். இது சின்ன விஷயம் தான், ஆனா எனக்கு இதுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். முன்னாடி எல்லாம் எந்த அக்கவுண்ட் வெளிய விழுந்துச்சுன்னு கஸ்டமர் திட்டுனா தான் தெரியும்.

ஒண்ணு நாங்க தப்பு பண்ணோம், நீங்க பண்ணாதீங்க. முதல் மாசம் செஷன ஒரே ஒரு தடவ சேவ் பண்ணி அதையே தினமும் ஓட்டிட்டு இருந்தோம். சைட்டுக்காரன் நாம உள்ள இருக்கறப்பவே குக்கீய புதுசு பண்ணிட்டே இருப்பான், நம்ம ஃபைல்ல பழசு தான் இருக்கும், ஒரு நாள் பழசு செல்லாம போயிடும். இப்ப விண்டோவ மூடறதுக்கு முன்னாடி ஸ்கிரிப்ட் மறுபடி அதே ஃபைல்ல சேவ் பண்ணிட்டு தான் மூடும். அதுல இருந்து செஷன் எல்லாம் நல்லா தாக்குப் புடிக்குது. இன்னொண்ணு, இந்த விண்டோல லாக்அவுட்ட மட்டும் அமுக்கவே கூடாது, பழக்க தோஷத்துல ஒரு தடவ அமுக்கிட்டேன். லாக்அவுட்னா டோக்கன கிழிச்சுப் போடற மாதிரி, ஃபைல்ல எழுதி வச்சது அப்படியே இருக்கும், ஆனா செல்லாது. விண்டோவ சும்மா மூடிடணும்.

குறை சொல்லாம விட்டா ரிவ்யூ ஆகாது. முதல் குறை, இது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு செஞ்சது இல்ல. ஐகான், பட்டன் எதுவும் கிடையாது, யாராவது ஸ்கிரிப்ட் எழுதித் தரணும், எர்ரர் வந்தா சிவப்பு கலர்ல நாப்பது வரி இங்கிலீஷ்ல கொட்டும், நான் போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பிட்டு மீட்டிங் முடிஞ்சு அவன் பாக்கற வரைக்கும் துணி மடிச்சிட்டு இருப்பேன். ரெண்டாவது, குக்கீயும் லோக்கல் ஸ்டோரேஜும் (சைட்டு நம்ம பிரவுசர்ல எழுதி வைக்கற இன்னொரு இடம்) சேவ் ஆகும், ஆனா செஷன் ஸ்டோரேஜ்னு இன்னொண்ணு இருக்கு, பேரு பாத்து ஏமாந்துடாதீங்க, அது ஃபைல்ல வராது, லாகின அங்க வச்சிருக்கற சைட்டா இருந்தா தனியா மெனக்கெடணும். மூணாவது தான் முக்கியம். இப்படி தானா ஓடற பிரவுசர், நான் தானா ஓடுது அப்படிங்கறத சைட்டுகிட்ட ஒளிக்கறதில்ல, வெப்டிரைவர்னு ஒரு கொடி உள்ள ஆடிட்டே இருக்கும், கவனிக்கற சைட்டு கண்டுபுடிச்சிடும். அத மறைக்கறதுக்குன்னு யூடியூப்ல ஆயிரம் வழி சொல்றாங்க. தம்பிகிட்ட கேட்டேன், "மறைக்கற மாதிரி வேலை பண்ணலன்னா எதுக்கு மறைக்கணும்"னுட்டான். வாய மூடிக்கிட்டேன்.

அதனால நான் போட்டுக்கிட்ட எல்லைக்கோடு இது: லாகின் வரைக்கும் தான் ஸ்கிரிப்ட். உள்ள போனதுக்கப்பறம் எல்லாம் என் விரலு. தானா லைக் போடறது, தானா ஃபாலோ பண்றது, இ-பாஸ்னு எவன் கேட்டாலும் ஒரே பதில அள்ளி வீசறது, அடுத்தவங்க ஃபாலோயர் லிஸ்ட உருவி எடுக்கறது, இதெல்லாம் பண்ண மாட்டேன். இன்ஸ்டாகிராம் விதிலயே அனுமதி இல்லாம தானியங்கியா புது அக்கவுண்ட் உருவாக்கறதும் தகவல் திரட்டறதும் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு. ஜீப் அண்ணன் மாசா மாசம் கேப்பாரு, "ஏம்மா ராத்திரில தானா ஆயிரம் பேர ஃபாலோ பண்ண வைக்க முடியாதா?" முடியும்ணா, காலைல அக்கவுண்ட் இருக்காது. போஸ்ட் ஷெட்யூல் பண்றதுக்கு மெட்டாவோட (இன்ஸ்டா, ஃபேஸ்புக் ரெண்டுக்கும் சொந்தக்கார கம்பெனி) பிசினஸ் சூட்டே இலவசமா இருக்கு, பிசினஸ் அக்கவுண்டா இருக்கற கடைங்களுக்கு அத தான் யூஸ் பண்றேன், அங்க எதுக்கு ஸ்கிரிப்ட். முறைப்படி ஏபிஐ (வெளி ப்ரோக்ராம் உள்ள வர மெட்டாவே தர்ற வாசல்) வழியாவும் போலாம், அதுக்கு குடுக்கற நீண்ட நாள் டோக்கன் 60 நாள் வரும், முடியறதுக்குள்ள புதுப்பிக்கணும், ஆனா அதுக்கு எல்லா கடையும் பிசினஸ் இல்லன்னா கிரியேட்டர் அக்கவுண்டா மாறணும், எங்க தைலக் கடை பெரியவர் சொந்தப் பேர்ல பேரனோட மொட்டை போட்டோவ ப்ரொஃபைல்ல வச்சிருக்காரு, மாத்த சம்மதிக்க மாட்டேங்கறாரு.

இப்ப உண்மைய சொல்றேன், இத படிக்கற பத்துல எட்டு பேருக்கு ப்ளேரைட்டே தேவையில்ல. ரெண்டு மூணு அக்கவுண்ட் தான்னா குரோம்ல ஆளுக்கொரு ப்ரொஃபைல் போட்டுக்கங்க. இல்லன்னா ஃபயர்ஃபாக்ஸ்ல மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ்னு மொசில்லாவே குடுக்கற ஆட்-ஆன் இருக்கு, ஒரே விண்டோல பச்சை டேப் வர்க்கி, நீல டேப் ஹோம்ஸ்டே, ஒண்ணோட குக்கீ ஒண்ணுல கலக்காது. நானும் ரெண்டு மாசம் அதுல தான் இருந்தேன், நல்லா தான் இருந்துச்சு. அப்பறம் என் பொண்ணு ஆன்லைன் கிளாஸ் மெதுவா ஓடுதுன்னு யாரோ ஃப்ரெண்டு சொன்னத கேட்டு ஹிஸ்டரி, குக்கீ எல்லாத்தையும் ஒரே அமுக்குல தொடச்சு விட்டா. ஏழும் அவுட். ஏழு போன், ஏழு ஓடிபி, அதுல ஒருத்தர் சபரிமலைல. ப்ளேரைட்ல செஷன் தனி ஃபைலா ஒரு ஓரத்துல கிடக்கறதால அவ எத தொடச்சாலும் இது போகாது, வேற லேப்டாப்புக்கு மாறுனாலும் ஃபைல தூக்கிட்டு போயிடலாம். எனக்கு இது தேவைப்பட்டுச்சு, உங்களுக்கு தேவையா பாருங்க.

ஆனா தூக்கிட்டு போக முடியும்ங்கறது தான் அதுல இருக்கற வெடியும். நான் தூக்கிட்டு போற மாதிரி எவன் வேணா தூக்கிட்டு போலாம். ப்ளேரைட்டோட டாகுமெண்ட்லயே எழுதியிருக்கு, இந்த ஃபைல வச்சு உங்கள மாதிரி நடிக்க முடியும், தனியோ பொதுவோ எந்த ஆன்லைன் ப்ரோக்ராம் கிடங்குலயும் ஏத்தாதீங்கன்னு. 2023 மார்ச்ல லைனஸ் டெக் டிப்ஸ்னு கனடால இருக்கற பெரிய யூடியூப் சேனல இப்படி தான் தூக்குனாங்க, வேலை பாக்கறவங்கள்ல ஒருத்தர் பிடிஎஃப்னு நினைச்சு ஏதோ ஒரு ஃபைல தொறந்திருக்காரு, செஷன் குக்கீ போச்சு, பாஸ்வேர்டும் வேண்டாம் ஓடிபியும் வேண்டாம், நேரா உள்ள. கம்ப்யூட்டர் தான் சோறுங்கற ஆளுங்களுக்கே அந்த கதி.

எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னா, நான் அந்த ஃபோல்டர டெஸ்க்டாப்லயே வச்சிருந்தேன், என் டெஸ்க்டாப் முழுசும் தானா ஆன்லைன் டிரைவுக்கு பேக்கப் ஆகிட்டு இருந்துச்சு, அந்த டிரைவ் பாஸ்வேர்டு எங்க வீட்டுக்காரருக்கு தெரியும், கொழுந்தனாருக்கு தெரியும், பொண்ணோட டேப்ல தொறந்தே கிடக்கு. தம்பி பாத்துட்டு தலைல கை வச்சான். ஜெர்மனிக்கு குடுத்தவ இப்ப குடும்பத்துக்கே குடுத்திருக்கேன். இப்ப அது பேக்கப் ஆகாத இடத்துல இருக்கு, வேலை முடிஞ்சதும் 7-ஜிப்னு ஃபைல சுருக்கிப் பூட்டற ஆப்ல பாஸ்வேர்டு போட்டு மூடறேன். சோம்பேறித்தனமா இருக்குது தான், தினமும் பூட்டித் தொறக்கணும், ஆனா ஒரு கடைக்காரரோட பொழப்பு அதுல இருக்கு.

கடைக்காரங்ககிட்ட சொல்லாம இதெல்லாம் பண்ணாதீங்க, அது ரொம்ப தப்பு. நான் ஏழு பேருக்கும் அவங்க போன்லயே அக்கவுண்ட் சென்டர்ல எந்தெந்த டிவைஸ் உள்ள இருக்குன்னு காட்டற பக்கத்த தொறந்து, இதோ இந்த விண்டோஸ் லேப்டாப் தான் நான், இத தவிர புதுசா ஏதாவது வந்தா எனக்கு போன் பண்ணுங்க, என்னையே புடிக்கலன்னா இங்க ஒரு தட்டு தட்டுனா நான் வெளிய போயிடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன். டீத்தூள்காரர் அங்கயே தட்டி சோதிச்சுப் பாத்தாரு. என் லேப்டாப்ல அவுட். "ஆமாம்மா வேலை செய்யுது"ன்னாரு, நான் மறுபடி அவரு கிட்டயே ஓடிபி வாங்குனேன். நம்பிக்கை வந்துச்சே, அது போதும். நாளைக்கு எவராவது என்ன விட்டுட்டு வேற ஆள வச்சுக்கிட்டா நான் ஃபைல மட்டும் அழிச்சா பத்தாது, அந்த விண்டோல போய் லாக்அவுட்டும் குடுக்கணும், இல்லன்னா அங்க அந்த டோக்கன் உசுரோட தான் இருக்கும்.

கரண்ட் போய் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுற கதை முழுசா தீரல. செஷன் கைல இருக்கறதால முன்ன மாதிரி ஒவ்வொரு தடவையும் கோடு கேக்கறதில்ல, ஆனா எப்பயாவது கேக்கும். போன வாரம் ரெண்டு நாள் விடாம மழை, நெட் மாறி மாறி வந்துச்சு, ரெண்டு அக்கவுண்ட் வெளிய விழுந்துச்சு. அதுக்கு எந்த ஸ்கிரிப்டும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப நான் மழை நாள்ல அவசரம் இல்லன்னா ஐகான தொடறதே இல்ல, ஃபைபர் வந்ததும் பாத்துக்கறேன்.

மார்க் போடணும்னா, ஸ்கிரிப்ட் எழுதித் தர ஆள் இருக்கறவங்களுக்கு அஞ்சுக்கு நாலரை, ஆள் இல்லாதவங்களுக்கு ரெண்டு, அவங்க நேரா அந்த கலர் டேப் ஆட்-ஆனுக்கு போயிடுங்க. செலவு சைபர், தம்பிக்கு குடுத்த ஒரு கிலோ வர்க்கியும் ரெண்டு பாக்கெட் டீத்தூளும் தவிர.

இத எழுதிட்டு இருக்கறப்பவே கறுப்பு ஸ்கிரீன்ல "அக்கா, சாக்லேட் அவுட்"னு வந்திருக்கு. மணி பத்தரை, அந்தக்கா இப்ப கடாய்ல சாக்லேட் கிண்டிட்டு இருப்பாங்க, போன எடுக்க மாட்டாங்க. மத்தியானம் பாக்கணும்.